அத்தை, நான், ஒரு எல் போர்டு

முதல் நாள், வெள்ளிக்கிழமை: மெல்போர்ன் – லோர்ன்

கடல் பார்க்கக் கிளம்பினோம் என்று சொன்னால் பொய். என் மகளுக்கு மணிக்கணக்கு வேண்டியிருந்தது. விக்டோரியா மாநிலத்தில் 21 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் டிரைவிங் டெஸ்ட்டுக்குப் போவதற்குள், லைசென்ஸ் உள்ள ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து 120 மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்தையும் நேரம் போட்டுப் பதிய வேண்டும். பாப்பாவுக்குப் பதினேழரை வயது, கையில் 83 மணி. கடைக்கும் பள்ளிக்கும் ஓட்டியே மிச்சத்தை நிரப்புவதென்றால் விடிந்துவிடும். செப்டம்பர் கடைசியில் பள்ளி விடுமுறை, ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்தின் இறுதிப் போட்டிக்கு முந்தைய வெள்ளி அரசு விடுமுறை. இரண்டையும் ஒட்டி ஐந்து நாள், கிரேட் ஓஷன் ரோடு என்று முடிவானது.

அத்தை தானாகவே சேர்ந்துகொண்டார். "பொண்ணு ஓட்டறா, நான் பார்க்க வேண்டாமா?" என்றார். நேற்றிரவே பையோடு வந்து இறங்கிவிட்டார்.

அத்தை என்றால் பாப்பாவின் அப்பாவைப் பெற்றவர். பாப்பாவின் அப்பாவுக்கும் எனக்கும் விவாகரத்தாகி ஆறு வருடமாகிறது. ஆகவே இவரை நான் எப்படி அறிமுகப்படுத்துவது என்பது எனக்கு இன்றுவரை தீராத சிக்கல். 'முன்னாள் கணவர்' என்று வாய் கூசாமல் சொல்ல முடிகிறது. 'முன்னாள் மாமியார்' என்றால் பதவி போன அமைச்சர் மாதிரி இருக்கிறது. இவருக்கு எந்தப் பதவியும் போகவில்லை. மகள் வீட்டில் இருக்கிறார், அங்கிருந்து என் வீடு இருபது நிமிடம். புதன்கிழமை தோறும் வருகிறார். என் துணிகளை எனக்குப் பிடிக்காத மாதிரி மடித்துவைக்கிறார். போகிறார்.

ஃப்ரீவேயில் நான்தான் ஓட்டினேன். ஜீலோங் தாண்டுமுன் காரின் திரை ஒளிர்ந்தது. பெரிய எழுத்தில் 'பிளம்பர்'. நான் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி 'பிளம்பர்'. அத்தை இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டியபடிதான் எப்போதும் பயணம் செய்வார். கண்புரை எடுத்த பிறகு பெரிய எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது, சின்ன எழுத்துக்குத்தான் பாப்பா வேண்டும்.

"ஏன் அம்மிணி, ஊட்ல குழாய் அத்தனை மோசமா இருக்குதா?"

"ஆமாங்கத்தை. ஒரே ஒழுகல்."

பாப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்ததுதான்: பிளம்பர், பிளம்பர் இல்லை. கணக்கு வாத்தியார். ஒன்றரை வருடப் பழக்கம். ஜனவரியில் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். இந்த நாட்டில் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். அந்தப் படிவத்தில் அவர் பகுதியை நிரப்பி, கணக்கு வாத்தியாருக்கே உரிய கட்டம் கட்டமான கையெழுத்தில் முடித்துக் கொடுத்துவிட்டார். என் பகுதி காலியாக என் கைப்பையில் இருக்கிறது. அத்தைக்குத் தெரியாது. அத்தை இதையெல்லாம் படிக்கிறவரும் இல்லை. டேப்லெட்டில் கோயில் வீடியோ பார்ப்பதோடு சரி.

டார்க்கீயில் பாப்பா மஞ்சள் எல் போர்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இங்கேதான் அந்தச் சாலை தொடங்குகிறது. மேற்கே ஆலன்ஸ்ஃபோர்டு வரை 243 கிலோமீட்டர். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய சுமார் 3,000 வீரர்கள் 1919இலிருந்து 1932 வரை கடப்பாறையும் மண்வெட்டியும் வைத்துப் பாறையைக் குடைந்து போட்ட சாலை இது. போரில் செத்தவர்களின் நினைவுச் சின்னம். சின்னம் என்றால் ஒரு கல்லோ தூணோ அல்ல, சாலை முழுவதுமே. ஈஸ்டர்ன் வியூ என்ற இடத்தில் ரோட்டுக்குக் குறுக்கே மரத்தில் ஒரு வளைவு நிற்கிறது. அதற்கு முன்பிருந்தது 1983 காட்டுத்தீயில் எரிந்துபோய்க் கட்டிய புதிது. பக்கத்தில் மண் வெட்டும் இரண்டு வீரர்களின் சிலை. ஒரு காலத்தில் இங்கே சுங்கம் வாங்கியிருக்கிறார்கள்.

அத்தை சிலையைச் சுற்றி வந்தார். பாப்பா பலகையைப் படித்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அப்ப ரோடு செத்தவங்களுக்கு, வேலை பொழச்சவங்களுக்கு" என்றார்.

லோர்னில் தங்கல். பாப்பாவின் கணக்கில் இன்று ஒன்றே கால் மணி.

இரண்டாம் நாள், சனிக்கிழமை: லோர்ன் – ஆட்வே முனை

லோர்னிலிருந்து அப்பல்லோ பே வரைதான் இந்தச் சாலையின் முரட்டுப் பகுதி. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். மேற்கே போனால் கடலும் இடப்பக்கம். அதாவது பாதாளத்துக்கும் எனக்கும் நடுவில் இருந்தது கார்க் கதவு ஒன்றுதான். என் காலடியில் பிரேக் இல்லை என்பதை என் கால் இரண்டு மணி நேரமாகியும் நம்பவில்லை. பாப்பா வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்தாள், பின்னால் ஏழெட்டுக் கார்கள் சேர்ந்தன. மெதுவாகப் போகிறவர்கள் ஒதுங்க என்றே ஓரங்களில் இடம் விட்டிருக்கிறார்கள். அவள் ஒவ்வொன்றிலும் ஒதுங்கி, எல்லோரையும் அனுப்பிவைத்தாள்.

"தேர் இழுக்கற மாதிரி இருக்குது" என்றார் அத்தை. "ஆனா தேர் பத்திரமா நெலைக்கு வந்துரும் சாமி. நீ ஓட்டு."

கென்னட் ரிவரில் யூகலிப்டஸ் மரங்களில் கோலாக்கள். அந்த இலையில் சத்து குறைவு, செரிக்கவும் கஷ்டம், அதனால் நாளுக்கு இருபது மணி நேரம்கூடத் தூங்கும். நாங்கள் பார்த்த மூன்றும் தூங்கின. ஒன்று ஒரு காலைத் தொங்கப்போட்டு, பஸ்ஸில் தூங்குகிற ஆள் போலவே. அப்பல்லோ பேயில் தெருவே வெறிச்சென்றிருந்தது. இறுதிப் போட்டி. எல்லாக் கடைகளிலும் ஒரே வானொலிக் குரல்.

இப்படிப்பட்ட நாவல்கள் நான் நிறையப் படிப்பேன்: அம்மாவும் மகளும், அல்லது சகோதரிகள் மூவர், ஒரு காரில் ஏறுவார்கள். நூறு பக்கத்துக்குள் ரகசியம் உடையும். கடைசியில் நாற்பது தாண்டிய ஒருத்திக்கு இன்னொரு காதல் கிடைக்கும். ஏன் கார் என்று இன்று புரிந்தது. காரில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. எல்லோரும் ரோட்டைப் பார்க்கிறோம். வீட்டில் கேட்டால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடக்கூடிய கேள்விக்குக் காரில் இறங்கவும் முடியாது. இவ்வளவு வசதி இருந்தும் இன்று நான் வாயைத் திறக்கவில்லை.

ஆட்வே முனைக் கலங்கரை விளக்கத்துக்குப் பிரதான சாலையிலிருந்து பிரிந்து காட்டுக்குள் பன்னிரண்டு கிலோமீட்டர் போக வேண்டும். 1848இல் ஏற்றிய விளக்கு. அதற்கு மூன்று வருடம் முன்பு, எதிரே இருக்கும் கிங் தீவில் கட்டரக்கி என்ற கப்பல் மோதி சுமார் 400 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் ஒன்பது பேர். இந்த முனைக்கும் அந்தத் தீவுக்கும் நடுவில் கப்பலைக் கொண்டுபோவதை மாலுமிகள் ஊசிக்காதில் நூல் கோர்ப்பது என்பார்களாம். 1994இல் பெரிய விளக்கை அணைத்துவிட்டார்கள். அதன் வேலையை இப்போது வெயிலில் மின்சாரம் எடுத்துக்கொள்ளும் ஒரு சின்ன விளக்கு பார்க்கிறது. கோபுரத்து மேலே காற்று ஆளைத் தள்ளியது. அத்தை கீழே மதிலோரம் உட்கார்ந்து, கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, எங்களுக்குக் கையாட்டினார்.

ராத்திரி தங்கின இடத்தில் ஹீட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, "என்னமோ கதைப் புத்தகமா படிக்கறியே, அதுல என்ன வருது?" என்றார் அத்தை. நான் ஒரு நாவலின் சாரத்தைச் சொன்னேன். விவாகரத்தானவள், இரண்டு குழந்தை, பழைய வேன், மெக்கானிக் ஒருவன்.

"முதல் புருசன் என்ன பண்ணான்?"

"ஏமாத்திட்டான்."

"அதானே பார்த்தேன்" என்றார். "எங்க காலத்துல வாராவாரம் தொடர்கதை வரும். அதுலயும் அதே தான். ரெண்டாவது ஒருத்தன் வரணும்னா முதல் ஆளு சாகணும், இல்லாட்டி குடிகாரனா இருக்கணும். சும்மா ஒத்து வரலைன்னு ஒருத்தியும் போனதில்ல."

அதற்கு மேல் பேசவில்லை, தூங்கிவிட்டார். நான்தான் விழித்திருக்கிறேன். அவர் மகன் குடிக்கிறவர் இல்லை, ஏமாற்றியவரும் இல்லை. பதினைந்து வருடம் ஒரே வீட்டில் இரண்டு வாடகைதாரர்கள் போல மரியாதையாக இருந்தோம். பிறகு அதுவும் முடியவில்லை. ஆஸ்திரேலியாவில் 1975ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் யார் மேல் தப்பு என்று கேட்பதில்லை. பன்னிரண்டு மாதம் பிரிந்து வாழ்ந்தோமா, இனிச் சேர வழியில்லையா, அவ்வளவே கேள்வி. கோர்ட்டில் கேட்காத கேள்வியை ஒறம்பரை வீட்டு விசேஷங்களில் கேட்டார்கள். என்னிடம் சொல்லக் கதை இல்லை. வில்லன் இல்லாதவளுக்கு யாரும் சட்டென்று அனுமதி தருவதில்லை.

அவர் மறுமணம் செய்து மூன்று வருடமாகிறது. பெர்த்தில் இருக்கிறார். யாரும் மூச்சுக்கூட விடவில்லை. அத்தை அந்தக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த அடுத்த புதன்கிழமையும் வந்தார், என் துணியை மடித்தார்.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை: ஆட்வே – போர்ட் கேம்ப்பெல்

காலையில் மழை. பிறகு வெயில். பிறகு இரண்டும்.

'பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்' என்ற பாறைத் தூண்கள் எந்தக் காலத்திலும் பன்னிரண்டாக இருந்ததில்லை. ஒன்பது இருந்தன. 2005 ஜூலையில் ஒன்று சரிந்தது. இப்போது எட்டு. முன்பு இவற்றுக்குத் 'தாய்ப் பன்றியும் குட்டிகளும்' என்று பெயராம். ஆள் வரத்துக்காக மாற்றிவிட்டார்கள். சுண்ணாம்புக்கல்லை அலை அரித்து, குகையாக்கி, குகை வளைவாகி, வளைவு இடிந்து தூணாகி, தூணும் ஒருநாள் விழும். நான் வாயைத் திறப்பதற்குள் பாப்பா விரலை நீட்டிவிட்டாள். "அம்மா, இந்தக் கடற்கரையில உவமை சொல்றதுக்குத் தடை. வாழ்க்கையும் இதுபோலத்தான்னு ஆரம்பிச்சா நான் கார்லயே உக்காந்துக்குவேன்."

தடை நியாயமானதுதான். இங்கே எதைப் பார்த்தாலும் அந்த வியாதி வருகிறது.

ஆனால் லாக் ஆர்ட் பள்ளத்தாக்கில் உவமை தேவைப்படவில்லை. அங்கே நடந்தது அப்படி.

1878 ஜூன் 1. இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு மூன்று மாதம் வந்த லாக் ஆர்ட் என்ற பாய்மரக் கப்பல். மறுநாள் கரை என்று முந்தின இரவு பாட்டும் கூத்துமாக இருந்திருக்கிறார்கள். விடிவதற்கு முன் மூடுபனியில் பாறைத் தீவொன்றில் மோதியது. 54 பேரில் பிழைத்தவர்கள் இருவர். டாம் பியர்ஸ் என்ற பயிற்சி மாலுமி, வயது பதினெட்டு. ஈவா கார்மைக்கேல் என்ற பெண், அவளும் இருபதைத் தொடாதவள். அயர்லாந்திலிருந்து அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களோடு குடியேற வந்தவள். அத்தனை பேரையும் அந்த ஒரு இரவில் இழந்தாள். முதலில் கரையேறிய டாம், கடலுக்குள் அவள் கத்துவதைக் கேட்டுத் திரும்ப நீந்திப் போய் இழுத்துவந்தான். குகையில் படுக்கவைத்து, கரை ஒதுங்கிய பிராந்தியைக் கொடுத்தான். பிறகு செங்குத்தான பாறையில் ஏறிப் போய்ப் பக்கத்துப் பண்ணை ஆட்களைக் கூட்டிவந்தான்.

படி இறங்கினால் அதே மணல், அதே குகை. இரண்டு பக்கமும் மஞ்சள் பாறைச் சுவர், நடுவில் ஒரு சந்து வழியாகக் கடல் உள்ளே வருகிறது. அத்தைக்கு முழங்கால் வலி. மேலேயே இருங்கள் என்றோம். கேட்கவில்லை. ஒரு படிக்கு இரண்டு மூச்சு என்று பாப்பா தோளைப் பிடித்து இறங்கிவிட்டார்.

மிச்சக் கதையை நான் சொன்னேன். செய்தி பரவியதும் மாநிலமே அவர்களைக் கொண்டாடியது. டாமுக்குத் தங்கப் பதக்கம். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளத்தான் போகிறார்கள் என்று ஊர் முடிவே செய்துவிட்டது. பத்திரிகைகளும் ஆசைப்பட்டன. ஈவா உடம்பு தேறியதும், சில மாதங்களில், கப்பலேறி அயர்லாந்துக்கே போய்விட்டாள். அங்கே வேறொருவரை மணந்தாள். டாம் கப்பல் கேப்டனாகி, ஐம்பது வயது ஆகுமுன் செத்துப்போனான்.

"நான் நாவல் எழுதினா, இருபது வருசம் கழிச்சு ரெண்டு பேரையும் ஒரு துறைமுகத்துல சந்திக்க வெப்பேன்" என்றேன்.

"எதுக்கு?" என்றார் அத்தை.

"சேர்ந்திருந்தா நல்லாருக்குமே."

"காப்பாத்தினவனையே கட்டிக்கோணும்னு என்ன சட்டம்?" அவர் குகையைப் பார்த்தபடி சொன்னார். "அவன் நல்ல பையன்தான். நான் இல்லைங்கல. ஆனா அந்தப் புள்ளைக்கு அவன் மூஞ்சியப் பார்க்கறப்பெல்லாம் எது ஞாபகத்துக்கு வரும்? அந்த ராத்திரிதானே வரும்."

பாப்பா தண்ணீரோரம் போயிருந்தாள். அலை உள்ளே வரும் சத்தம் சுவரில் பட்டு இரண்டு தடவை கேட்டது.

"என்னைப் பார்த்தா உனக்கு எது ஞாபகம் வருது அம்மிணி?"

இதை அத்தை என்னைப் பார்க்காமல் கேட்டார். ஆறு வருடத்தில் கேட்காத கேள்வி. ஒரு நல்ல பதில் யோசிக்க நேரம் இருந்திருந்தால் ஏதாவது வழவழவென்று சொல்லியிருப்பேன்.

"புதன்கிழமைங்கத்தை" என்றேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மேலே ஒரு சிறிய கல்லறைத் தோட்டம். ஈவாவின் அம்மாவும் ஒரு சகோதரியும் அங்கே இருக்கிறார்கள். மற்றவர்களைக் கடல் தரவில்லை.

லண்டன் ஆர்ச்சுக்குப் போனபோது மாலையாகிவிட்டது. 1990 ஜனவரி வரை அது லண்டன் பிரிட்ஜ், கரையோடு ஒட்டியிருந்த இரட்டை வளைவு. கரைப்பக்க வளைவு திடீரென்று இடிந்து, அந்தப் பக்கம் நடந்து போயிருந்த இரண்டு பேர் மாட்டிக்கொள்ள, ஹெலிகாப்டர் வந்து தூக்கியது. யாருக்கும் அடியில்லை. பாப்பா என்னை முறைத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிளம்பர் இரண்டு முறை கூப்பிட்டார். போர்ட் கேம்ப்பெல் படகுத் துறையில் தனியாக நின்று பேசினேன். "படிவம் என்ன ஆச்சு?" என்று கேட்கவில்லை. "அவளுக்கு எத்தனை மணி ஆச்சு?" என்று கேட்டார். கணக்கு வாத்தியார்.

நான்காம் நாள், திங்கட்கிழமை: வார்னம்பூல் – போர்ட் ஃபேரி

இதை எழுதக் கை கூசுகிறது. ஏனென்று கீழே வருகிறது.

வார்னம்பூலில் லோகன்ஸ் பீச்சில் திமிங்கலம் பார்க்க மரமேடை கட்டியிருக்கிறார்கள். சதர்ன் ரைட் திமிங்கலங்கள் அண்டார்டிகாப் பக்கத்துக் குளிர்கடலிலிருந்து ஜூன் வாக்கில் வந்து இங்கே குட்டி போட்டுப் பாலூட்டும். செப்டம்பரோடு போய்விடும். வேட்டைக்காரர்கள் ஒரு காலத்தில் அநேகமாகத் துடைத்தே எடுத்துவிட்ட இனம். ஈட்டி பட்டதும் மிதக்கும், எண்ணெய் நிறைய வரும், வேட்டைக்குச் 'சரியான' திமிங்கலம் என்றே அந்தப் பெயர். நாங்கள் போனது பருவத்தின் கடைசி. ஒன்றரை மணி நேரம் நின்றோம். அலை அலையாகத் தெரிந்தது. ஒவ்வொரு அலையும் திமிங்கலமாகத் தெரிந்தது. பாப்பா குளிர் தாங்காமல் காருக்குப் போனாள்.

அத்தை பைனாகுலரை இறக்காமலே சொன்னார். "முந்தாநாள் எழுதுனதுல ஒண்ணு தப்பு அம்மிணி. அவன் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்த அந்த வாரம் நான் வரல. எனக்குக் காய்ச்சல். அதுக்கு அடுத்த புதன்கிழமைதான் வந்தேன்."

எனக்கு ஒரு நிமிடம் காது அடைத்தது.

"பாப்பா தினமும் ராத்திரி வாசிச்சுக் காட்டறா" என்றார். "இப்ப இல்ல, ரெண்டு வருசமா. அந்த முன்னாள் அமைச்சர் நல்லா இருந்துச்சு. சிரிச்சேன். ஆனா கோயில் வீடியோ மட்டும் பார்க்கறேன்னு எழுதிருக்கியே, அது கொஞ்சம் ஓவரு."

பிளம்பர் வேலை எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். முதல் தடவை காரில் அந்தப் பேரைப் பார்த்தபோதே சந்தேகம் வந்ததாம். "ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு எந்தக் குழாய்க்காரன் சாப்டியான்னு கேப்பான்?" இது போன வருடம். பாப்பா மெல்ல மெல்லச் சொல்லியிருக்கிறாள். என் முதல் நாள் குறிப்பைப் படித்துக்காட்டும்போது படிவத்தைப் பற்றிய வரியில் அவளே தயங்கியிருக்கிறாள். அத்தைதான், "படி, நிறுத்தாதே" என்றிருக்கிறார்.

நாவலாக இருந்தால் இங்கே அவர் என்னைக் கட்டிப்பிடித்து ஆசீர்வாதம் செய்திருப்பார், சரியாக அப்போது திமிங்கலம் எழும்பியிருக்கும். இரண்டும் நடக்கவில்லை.

"எனக்குச் சந்தோசம்னு சொல்ல மாட்டேன்" என்றார். "சங்கடமா இருக்குது. அவன் கல்யாணத்துலயும் சங்கடமாத்தான் இருந்துச்சு. அங்க சொல்ல முடியல. பையனப் பெத்தவ மூஞ்சியத் தொங்கப்போட்டா நல்லாவா இருக்கும்? உங்கிட்டச் சொல்லலாம்."

"சொல்லுங்க அத்தை."

"நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு முடிச்சுக்கிட்டீங்க. நான் எந்தக் காகிதத்துலயும் கையெழுத்துப் போடல. என்னைய யாரும் கேக்கவும் இல்ல. அதனால நான் பாட்டுக்கு வந்துட்டு இருந்தேன். இப்ப அந்த மனுசன் வந்தா அது அவரு ஊடு. அங்க நான் யாரு? துணி மடிக்கறதுக்கு வர்ற கிழவியா?"

இதைத்தான் பயந்திருக்கிறார். நான் அவர் என் மேல் கோபப்படுவார் என்று பயந்தேன், மகனுக்கு இழைக்கும் துரோகம் என்று நினைப்பாரோ என்று பயந்தேன். ஒன்றரை வருடமாக என் பயத்தை அவர் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவருடையது வாரத்தில் ஒரு நாளைப் பற்றியது.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதப்போவதில்லை. பெரிதாக ஒன்றும் இல்லை. பாதியில் மூக்கு ஒழுகியது, காற்றும் ஒரு காரணம்.

ஃப்ளாக்ஸ்டாஃப் ஹில் கடல் அருங்காட்சியகத்தில் அந்த மயிலைப் பார்த்தோம். லாக் ஆர்ட் கப்பலில் வந்தது. மின்டன் நிறுவனம் செய்த பீங்கான் மயில், ஆள் மார்பளவு உயரம். 1880 மெல்போர்ன் சர்வதேசக் கண்காட்சிக்காக அனுப்பியது. 52 பேரை விழுங்கிய கடல், இதைப் பெட்டியோடு முழுசாகக் கரையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. கழுத்து நீலம் அப்படியே இருக்கிறது. அத்தைக்கு அதன் மேல் கோபம். "இதுக்குப் பதிலா ஒரு குழந்தையத் தந்திருக்கலாம்."

டவர் ஹில்லைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அணைந்துபோன எரிமலைக் கிண்ணம். 1892இலேயே தேசியப் பூங்காவாக அறிவித்த இடம். குடியேறியவர்கள் மரத்தையெல்லாம் வெட்டி, ஆடுமாடு மேய்த்து மொட்டையாக்கிவிட்டார்கள். 1960களில் மறுபடி காடு வளர்க்க நினைத்தபோது முன்பு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமே. யூஜின் வான் கெரார்ட் என்ற ஓவியர் 1855இல் இலை இலையாக வரைந்த ஓர் ஓவியம் இருந்தது. அதைப் பார்த்து எங்கே எந்தச் செடி என்று கண்டுபிடித்து நட்டார்கள். இப்போது ஈமுக்கள் நம் கார் அருகில் வந்து கண்ணாடியில் முகம் பார்க்கின்றன. இதற்கு மட்டும் ஓர் உவமை அனுமதி கேட்டேன். கிடைக்கவில்லை.

இருட்டும் நேரத்தில் போர்ட் ஃபேரியில் கிரிஃபித்ஸ் தீவு. கரையிலிருந்து நடந்தே போகலாம். ஷியர்வாட்டர் என்ற கரும்பழுப்புக் கடற்பறவைகள் அலாஸ்காப் பக்கத்துக் கடலிலிருந்து சுமார் 15,000 கிலோமீட்டர் பறந்து, ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் கடைசி வாரத்தில் இங்கே வந்துசேரும். மண்ணில் தோண்டிய பழைய வளைக்கே வரும். பெரும்பாலும் பழைய துணையோடுதான். பகலெல்லாம் கடலில் இருந்துவிட்டு இருட்டியதும் கூட்டமாக இறங்கும். வானத்தில் அவற்றுக்கு இணையில்லை. தரையில் இறங்குவது மட்டும் வராது. சாக்குமூட்டை விழுவது போல் புதருக்குள் தொப்பு தொப்பென்று விழுந்தன. ஒன்று பாப்பாவின் காலடியிலேயே விழுந்து, எழுந்து, எங்களைத் திட்டிவிட்டு நடந்து போனது.

"ஜோடி வந்து சேரலைன்னா?" என்று கேட்டார் அத்தை, இருட்டில்.

பாப்பா போனில் தேடினாள். "வேற ஒண்ணோட சேர்ந்துக்குமாம் அப்பத்தா."

"வளை?"

"அதைப் பத்தி இதுல இல்ல."

"முக்கியமானத ஒருத்தனும் எழுதறதில்ல" என்றார் அத்தை.

ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை: வீடு

திரும்பும் வழி உள்நாட்டுச் சாலை. கேம்பர்டவுன், கோலாக், ஜீலோங். சுமார் 290 கிலோமீட்டர், வளைவே இல்லை, பக்கவாட்டில் மாடுகள். நேற்று எழுதியதைப் பாப்பா காரில் ஏறுமுன் அத்தைக்கு என் காதுபடவே வாசித்துக் காட்டினாள். நான் பல் தேய்ப்பது போல் குளியலறையில் நின்று கேட்டேன். "மூக்கு ஒழுகினத எழுதிருக்க வேண்டாம்" என்பது மட்டும்தான் விமர்சனம்.

கோலாக்கில் தேநீருக்கு நிறுத்தினோம். கார் நின்றிருந்தபோது திரை ஒளிர்ந்தது. 'பிளம்பர்'. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். நான் பொத்தானை அழுத்தி, "கார்ல இருக்கோம். எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்கோம்" என்றேன்.

அந்தப் பக்கம் நீண்ட அமைதி. பாடம் நடத்தும்போது இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தால் இப்படித்தான் இருப்பாராக்கும்.

"வணக்கம்ங்க அம்மா" என்றார் கடைசியில்.

"வணக்கமுங்க" என்றார் அத்தை, இரண்டு சீட்டுக்கும் நடுவிலிருந்து. "புதன்கிழமை உங்களுக்குப் பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு முடியும்?"

"மூணரை... மூணே முக்காலுக்குக் கிளம்பிருவேன்."

"நான் பத்து மணிக்கெல்லாம் வந்துருவேன். நாலரை பஸ்ஸுக்குப் போயிருவேன். நடுவுல கொஞ்ச நேரம் இருக்குது."

"வர்றேன்ங்க."

"வாங்க." அவ்வளவுதான். அத்தை பின்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். ஐந்து நாளில் முதல் முறையாக அவர் முதுகு சீட்டைத் தொட்டது.

பாப்பா ஜீலோங் வரை ஓட்டினாள். நான் படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். என் பிறந்த ஊர், அப்பா பெயர், அம்மா பெயர். முன் திருமணம் எப்படி முடிந்தது என்று ஒரு வரி. எழுதினேன். கார் ஆடாததால் கையெழுத்து ஒழுங்காக வந்தது. 83 மணி 96 ஆகியிருக்கிறது. இன்னும் 24.

வீட்டு வாசலில் பையை இறக்கிக்கொண்டிருந்தபோது அத்தை என் போனைக் கேட்டு வாங்கி, கண்ணுக்கு எட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"முதல்ல அந்தப் பேர மாத்து அம்மிணி. நாளைக்கு நெசமாவே குழாய் ஒடைஞ்சா யாரக் கூப்புடுவே?"